லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை

"லேப்டாப் ஆன் ஆகல" என்று யாராவது சொன்னால், பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். "ஒண்ணுமே நடக்கல" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். ஃபேன் இரண்டு விநாடி சுற்றிவிட்டு நிற்கும். கேப்ஸ் லாக் விளக்கு கணக்கு வைத்தாற்போல் விட்டுவிட்டு எரியும். திரை கறுப்பாகவே இருப்பதால் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. ஆனால் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் தடயங்கள் இவைதான்.

இவற்றைப் படிக்கத் தெரியாமல் கடைக்குப் போனால் இரண்டு நஷ்டம் வரலாம். ஒன்று பணம். சார்ஜர் ஒயரில் இருக்கும் குறைக்குக்கூட "மதர்போர்டு போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். இரண்டாவது அதைவிடப் பெரியது. உங்களைக் கேட்காமலே விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்துவிடுவார்கள். உள்ளே இருந்த குடும்பப் படங்களும் கல்லூரி ப்ராஜெக்டும் அதோடு போய்விடும். தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். இன்றும் அண்ணன், தங்கை, அப்பா எல்லோரும் ஒரே லேப்டாப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நிறைய. அது நின்றால் படிப்பும் வேலையும் சேர்ந்து நிற்கும். அதனால் பதறாமல், வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பார்ப்போம். ஸ்க்ரூ டிரைவரைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத இரண்டு நிலைமைகள்

லேப்டாப்பை மூடி, சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா? அடிப்பலகை பிளந்ததுபோல் இடைவெளி தெரிகிறதா? இவற்றில் எது இருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜ் போடாதீர்கள், பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள், மேலே பாரம் வைத்து அமுக்காதீர்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். தானாகக் கழற்றும் ஆசையே வேண்டாம். அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, தண்ணீரோ டீயோ கொட்டியது. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பலன் இல்லை. மாவுத்தூள்தான் உள்ளே போகும். எல்லோரும் செய்யும் பெரிய தவறு, மறுநாள் காலையில் "காஞ்சிருக்கும், போட்டுப் பார்ப்போம்" என்பது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டில் (சுருக்கமாகப் போர்டு) காய்ந்திருக்காது. ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடும்போதுதான் போர்டு அரிக்கிறது. சர்க்கரை கலந்த டீ, காபி என்றால் காய்ந்தபிறகும் பிசுக்கு அப்படியே இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டுக் கழுவினால் போர்டைப் பல நேரம் காப்பாற்றிவிடலாம். சீக்கிரம் கொண்டுபோவதுதான் முக்கியம்.

இந்த இரண்டும் இல்லையென்றால் தொடரலாம்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

அறையை இருட்டாக்குங்கள், ஃபேன், டிவியை நிறுத்துங்கள். சார்ஜரைச் செருகிவிட்டுப் பவர் பட்டனை அழுத்துங்கள். காதைக் காற்று வரும் துவாரத்தருகே வையுங்கள். கண் விளக்குகளில் இருக்கட்டும்.

விளக்கே இல்லை, சத்தமே இல்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை. மெக்கானிக்குகள் இதை "நோ பவர்" என்பார்கள். விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் "நோ டிஸ்பிளே". கம்பெனி லோகோ வந்து அங்கேயே நிற்கிறது, அல்லது ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து நிற்கிறது என்றால் அது மூன்றாவது வகை. அப்போது போர்டு, ரேம் (ஓடும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்), திரை எல்லாம் ஏறக்குறைய நன்றாகவே இருக்கின்றன. சிக்கல் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோ, விண்டோஸிலோதான். "ஆன் ஆகல" என்று மொட்டையாகச் சொல்வதற்குப் பதில், இந்த மூன்றில் எது என்று கடையில் சொல்ல முடிந்தாலே உங்களை ஏமாற்றுவது கடினம்.

கறுப்புத் திரையின்போது செய்ய ஒரு எளிய சோதனை: கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, உங்கள் பேச்சைக் கேட்கிறது. திரைக்குப் படம் வரவில்லை, அவ்வளவுதான்.

நோ பவர்: சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதலில் பிளக் பாயிண்ட். கைபேசி சார்ஜரை அதே பாயிண்டில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எல்லாவற்றையும் விலக்கி, நேராகச் சுவரில் செருகுங்கள்.

அடுத்து, சுவரிலிருந்து அடாப்டர் பெட்டிவரை வரும் கறுப்பு ஒயர். பெட்டிக்குள் செருகும் முனை நாளடைவில் தளர்ந்துபோகும். அழுத்திச் செருகிப் பாருங்கள். இந்த ஒயர் பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே மாதிரிதான். மூன்று பின் ஒயர் பக்கத்து வீட்டில் இருந்தால் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். மிகக் குறைந்த செலவில் தீரும் பழுது இது. அதனால்தான் இதை முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

அடாப்டரில் விளக்கு இருந்தால் அது பெரிய உதவி. சுவரில் போட்டவுடன் விளக்கு எரிகிறதா? லேப்டாப்பில் செருகிய பிறகும் எரிகிறதா? செருகிய கணத்தில் அணைந்து, பிடுங்கியதும் மறுபடி எரிந்தால், லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு குறிப்பைக் கடையில் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி குறையும்.

இன்னொரு சார்ஜர் போட்டுப் பார்ப்பதென்றால் லேபிளைப் படித்துவிட்டுப் போடுங்கள். 'அவுட்புட்' என்ற வரியில் வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று இருக்கும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும், 19, 19.5, 20 என்பவை வழக்கமான அளவுகள். ஆம்பியர் உங்களுடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. இரண்டையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். டெல், ஹெச்பி உருண்டை முனைகளின் நடுவே ஊசிபோல் ஒரு மெல்லிய பின் இருக்கும். அது மின்சாரம் கடத்துவதற்கல்ல. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கு. அந்தப் பின் வளைந்தாலோ உடைந்தாலோ டெல் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காணாது; கரண்டில் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. ஒரு நாள் கரண்ட் போனதும் "திடீர்னு செத்துப்போச்சு" என்று வருவதில் சில இப்படிப்பட்டவை.

யுஎஸ்பி-சி சார்ஜரின் சிக்கல் வேறு. யுஎஸ்பி-சி வகை லேப்டாப்பில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேசிக்கொள்ளும். தொடக்கத்தில் 5 வோல்ட்தான் வரும். பேச்சு ஒத்துப்போனால் 20 வோல்ட்டுக்கு ஏறும். கைபேசியோடு வந்த 67 வாட், 80 வாட் சார்ஜர்கள் பல, தங்கள் கம்பெனி கைபேசியிடம் மட்டும் அந்த முழு வேகத்தைக் கொடுக்கும். லேப்டாப்பில் போட்டால் சொற்பமாகத்தான் கொடுக்கும். பெட்டியில் 80 என்று போட்டிருப்பதை நம்பி "நல்ல சார்ஜர் போட்டும் வரல" என்று முடிவுகட்டாதீர்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வோல்ட் காட்டும் சின்னத் திரை வைத்த யுஎஸ்பி-சி கேபிள்கள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் 20 வோல்ட் காட்டினால் சார்ஜரும் போர்டும் பேசிக்கொள்கின்றன. 5 வோல்ட்டிலேயே நின்றால் கேபிள், சார்ஜர், போர்டின் சார்ஜிங் பகுதி ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு.

லேப்டாப் பக்கத்துத் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். யுஎஸ்பி-சி துளையில் பையின் பஞ்சும் தூசியும் அடைந்து, முனை முழுசாக உள்ளே போகாமல் நிற்பது சகஜம். மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம். ஊசி, ஹேர்பின் வேண்டாம். உருண்டைத் துளை என்றால் செருகியபின் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது விளக்கு வந்து வந்து போனால் ஜாக் தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் இந்த ஜாக் ஒரு சின்ன ஒயரோடு தனியாக வரும், எளிதில் மாற்றிவிடலாம். சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே வேலை கொஞ்சம் கூடுதல்.

முப்பது விநாடி

வெளியே எல்லாம் சரி, இன்னும் அசைவில்லை. இப்போது செய்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே அதிகம் பேருக்குப் பலன் தரப்போகும் வேலை என்று நினைக்கிறேன்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பென்டிரைவ், மவுஸ், எச்டிஎம்ஐ, மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய மாடலில் பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஆசூஸ் என்றால் 40 விநாடி. விட்டுவிட்டு, பேட்டரியைப் போடாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்கில் 10 விநாடி பிடித்து விட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினால் போதும்.

லேப்டாப்பில் முதன்மைச் செயலி தூங்கும்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னச் சிப் உண்டு. பவர் பட்டன், சார்ஜிங், ஃபேன், மூடி திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் கவனிப்பது அதுதான். மின்னழுத்தம் தடுமாறும்போதோ, ஸ்லீப்பில் வைத்துப் பைக்குள் போட்டுச் சூடேறும்போதோ அந்தச் சிப் சிக்கிக்கொண்டு நிற்கலாம். அது நின்றால் பட்டனை அழுத்துவதைக் கேட்க ஆள் இல்லை. பேட்டரி உள்ளேயே பொதிந்த புதிய மாடல்களில் அந்தச் சிப்புக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் தானாகத் தெளியாது. நீண்ட நேரம் பட்டனைப் பிடிப்பது அதை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் செய்கிறது. லெனோவோ திங்க்பேட் பலவற்றில் இதற்காகவே அடிப்பக்கம் ஒரு ஊசித் துவாரம் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே மெல்ல அழுத்தினால் போதும். மைக்ரோஃபோன் துளையோடு குழப்பிக்கொள்ளாமல், பக்கத்தில் உள்ள குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப் என்றால் இன்னொரு பொறுமை தேவை. பேட்டரி அடிமட்டம்வரை வடிந்திருந்தால் சார்ஜரைச் செருகிய உடனே விளக்குகூட வராது. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாகத்தான் ஏற்றத் தொடங்கும். அரை மணி நேரமாவது சார்ஜில் விட்டுவிட்டுப் பிறகு பட்டனைத் தொடுங்கள். அடிக்கடி அழுத்திப் பார்ப்பது ஏறிய கொஞ்சத்தையும் வடித்துவிடும்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

ஒளி அளவைக் கூட்டும் பட்டனை நாலைந்து முறை அழுத்துங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரைக்கான டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பீப் சத்தமும் கேட்கலாம்.

பிறகு கைபேசி டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. தெரியாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கிறது. திரையோ, கீல் வழியாகப் போகும் மெல்லிய திரைக் கேபிளோ பழுது. மூடியை மெல்லத் திறந்து மூடும்போது படம் வந்து வந்து போனால் கேபிள்தான். முழுத் திரையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தக் கேபிளை மாற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

டெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. அணைந்த நிலையில் டி எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்துங்கள். திரை நன்றாக இருந்தால் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறி மாறி வரும். நிறம் வந்தால் திரையைக் குறை சொல்ல முடியாது.

டிவியிலும் படம் இல்லையென்றால் விளக்குகளை எண்ணுங்கள். டெல்லில் பேட்டரி விளக்கு சில தடவை ஆம்பர் நிறத்திலும், சில தடவை வெள்ளையிலும் மினுக்கி, இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யும். 2 ஆம்பர், 3 வெள்ளை என்றால் ரேம் கண்ணில் படவில்லை. 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 7 என்றால் திரை. ஹெச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு நீளமும் குட்டையுமாக மினுக்கும். திங்க்பேட் சிலவற்றில் ராகம்போல் தொடர் பீப் வரும்; லெனோவோவின் கைபேசிச் செயலி அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிழை எண்ணைச் சொல்லிவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை மாறுவதால், மினுக்குவதைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, மாடல் பெயரோடு கம்பெனித் தளத்தில் தேடுங்கள். இந்த வீடியோ கடையிலும் உதவும்.

ரேமைக் கழற்றிப் போடுவது

வாரண்டி இருந்தால் இங்கேயே நில்லுங்கள், கம்பெனியைக் கூப்பிடுங்கள். அடிப்பக்கத்து சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டால் எந்தத் தேதிவரை வாரண்டி என்று காட்டும். சில மெல்லிய மாடல்களிலும் மேக்புக்கிலும் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றையும் திறந்து பலனில்லை.

மற்றபடி, ரேம் தளர்ந்தோ அதன் பொன்னிறப் பற்களில் அழுக்குப் படிந்தோ இருப்பது கறுப்புத் திரைக்கு மிகச் சாதாரணமான காரணம். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றால் இது இன்னும் அடிக்கடி வரும். உங்கள் மாடலின் பெயரைப் போட்டு, திறக்கும் முறையை ஒரு வீடியோவில் முழுதாகப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும். ஒரு தாளில் அடிப்பலகையை வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவை டேப் போட்டு ஒட்டிவையுங்கள். ஓரத்தைத் திறக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும், கத்தி வேண்டாம்.

திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் வேறெதையும் தொடக் கூடாது. ஜன்னல் கம்பியைப் போன்ற உலோகம் எதையாவது தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் தானாக மேலே எழும். பற்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். சாய்வாக உள்ளே தள்ளி, 'டக்' என்று சத்தம் வரும்வரை கீழே அமுக்குங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு அடுத்த ஸ்லாட்டில். எது பழுது, ரேமா ஸ்லாட்டா என்று இதிலேயே தெரிந்துவிடும்.

டிடிஆர்5 ரேம் உள்ள புதிய லேப்டாப்பில் ரேமைக் கழற்றிப் போட்ட பிறகு வரும் முதல் தொடக்கத்தில் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் இயந்திரம் ரேமின் வேகத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நடுவில் அணைக்காமல் காத்திருங்கள்.

பல மாடல்களில் உள்ளே காசு வடிவத்தில் ஒரு பேட்டரியும் இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது போனால் தேதி, நேரம் தப்பும். அதனால் மட்டும் லேப்டாப் அடியோடு நின்றுபோவது குறைவு.

லோகோ வந்து நிற்கிறது

விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போங்கள். டெல், ஏசர், ஆசூஸ், லெனோவோ ஐடியாபேட் என்றால் எஃப்2. ஹெச்பி என்றால் எஃப்10. திங்க்பேட் என்றால் எஃப்1. பவர் பட்டனைத் தட்டியவுடனே அந்த எஃப் பட்டனை விட்டுவிட்டுப் பலமுறை அழுத்துங்கள். உள்ளே எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், எதையும் மாற்ற வேண்டாம். பெயர் இல்லையென்றால் டிஸ்க் தளர்ந்திருக்கலாம் அல்லது போயிருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே உள்ள கோப்புகளை மீட்கும் வாய்ப்பு குறைகிறது.

பெயர் தெரிந்தால் சிக்கல் விண்டோஸில் இருக்க வாய்ப்பு அதிகம். லோகோ வந்து வட்டம் சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் நீலத் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். பலனில்லையென்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதுவும் இல்லையென்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4ஐ அழுத்திச் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை. 'ரீசெட் திஸ் பிசி' என்ற பட்டன் மிகக் கவர்ச்சியாகத் தெரியும். கோப்புகளை வேறிடத்தில் காப்பி எடுக்கும்வரை அதன் பக்கம் போகாதீர்கள்.

2024 ஜூலை 19 அன்று உலகமெங்கும் விமான நிலையங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் தடுமாறியது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய குறையுள்ள ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கணினிகள் எதிலும் போர்டு எரியவில்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் ஓடின. சேஃப் மோடு இத்தனை பெரிய மருந்து என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அன்று பல அலுவலகங்களில் வேலை தாமதமானதற்கு ஒரு காரணம், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி கையில் இல்லாதது.

கோப்புகள் வேறு, லேப்டாப் வேறு

அந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லேப்டாப் செத்தாலும் எஸ்எஸ்டி பெரும்பாலும் சாவதில்லை. அதைக் கழற்றி, தகுந்த யுஎஸ்பி உறையில் போட்டால் இன்னொரு கணினியில் பென்டிரைவ்போலத் திறக்கலாம். சின்னப் பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டியில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு ரகம் உண்டு. உறை வாங்கும்போது எந்த ரகம் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டரை அங்குலப் பழைய டிஸ்க்குக்கு உறை தனி.

ஆனால் புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். வேறு கணினியில் செருகியதும் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பதிவாகியிருக்கும். கைபேசியிலிருந்தே நுழைந்து எடுக்கலாம். கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோனால்தான் உண்மையான ஆபத்து. இதைப் படிக்கும்போது உங்கள் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே அந்தச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆப்பிள் சிப் மேக்புக்கில் சேமிப்பகம் போர்டோடு பிணைந்தது, கழற்றிப் படிக்க வழியில்லை. அங்கே முன்கூட்டியே காப்பி எடுத்திருப்பது மட்டும்தான் பாதுகாப்பு.

கடையில் என்ன சொல்ல வேண்டும்

இத்தனையும் பார்த்தும் வரவில்லையென்றால் பழுது போர்டில் இருக்கலாம். ஆனால் "போர்டு போச்சு" என்பது முடிவான பதில் இல்லை. சார்ஜிங் ஐசி போயிருக்கிறதா, ஒரு கப்பாசிட்டர் ஷார்ட்டா, பயாஸ் சிப்பில் உள்ள நிரல் கெட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய் நின்ற லேப்டாப்பில், அந்த எட்டுக்கால் சிப்பில் நிரலை மறுபடி எழுதினாலே உயிர் வந்துவிடும். ஹெச்பியில் விண்டோஸும் பியும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் பல மாடல்கள் தாங்களே பயாஸை மீட்டுக்கொள்ளும், அதை வீட்டிலேயே முயலலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இத்தகைய வேலையைச் 'சிப் லெவல் சர்வீஸ்' என்பார்கள். போர்டை மாற்றாமல், கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவது. முழு போர்டும் மாற்றும் விலையைச் சொன்னால், சிப் லெவலில் பார்க்கும் இன்னொரு கடையிலும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கொடுக்கும்முன் எஸ்எஸ்டியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பவர் பழுது பார்க்க அது தேவையில்லை. முடியாவிட்டால் ரசீதிலேயே "டேட்டா அழிக்கக் கூடாது, ஃபார்மட் செய்யும்முன் கேட்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரும் கோப்புகளுக்குப் பொறுப்பேற்காது. சீரியல் எண், ரேம் அளவு, எஸ்எஸ்டி அளவு மூன்றையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டின் எல்லா எழுத்துகள், எல்லா யுஎஸ்பி துளைகள். டாஸ்க் மேனேஜரில் ரேமும் டிஸ்கும் நீங்கள் கொடுத்த அளவில்தான் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அடிப்பலகையில் ஸ்க்ரூ எதுவும் குறையவில்லையே என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மாற்றிய பாகத்தின் பெயரும் அதற்கு எத்தனை நாள் வாரண்டி என்பதும் பில்லில் எழுதியிருந்தால் பணத்தைக் கொடுங்கள்.